தேனாற்றங்கரை வாணவேடிக்கை: அன்றைய பெரியவரும் இந்த ஆண்டுக் குழுவும்

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில், முளைப்பாரியைத் தேனாற்றில் கரைத்த பிறகு நடக்கும் வாணவேடிக்கையை இந்த ஆண்டு ஒரு புதிய குழு நடத்தியது. காரைக்குடியில் பந்தல் போடுபவர் ஒருவர் வழியாக அமர்த்திய அந்தக் குழுவில், சிவகாசிப் பக்கத்திலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். பேசி முடித்த தொகை 90,000 ரூபாய். திருவிழாக் கணக்கை எழுதும் பொறுப்பு மூன்று ஆண்டுகளாக என்னிடம் இருப்பதால், அவர்களை அமர்த்தலாமா என்று பக்கத்து ஊர்க் காரியக்காரர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, பார்த்ததை முழுவதும் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களை அமர்த்தலாம், ஆனால் அவர்கள் கொண்டுவரும் பட்டியலை அப்படியே ஒப்புக்கொள்ளாமல், சில நிபந்தனைகளை எழுதி வாங்கிக்கொண்டு அமர்த்த வேண்டும். அந்த நிபந்தனைகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்வதற்கு, இதே ஆற்றங்கரையில் வாணவேடிக்கை தொடங்கிய காலத்துக்கு நான் போக வேண்டியிருக்கிறது.

அது 1980களின் தொடக்கம். நான் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை எங்கள் ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டு மட்டும்தான் உண்டு. அந்த ஆண்டு நகரத்தாரும் நாட்டாரும் கூடிப் பேசி, புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, பத்து ரூபாய் வரி கூடுதலாகப் போட்டு, வாணம் விடுவதென்று முடிவு செய்தார்கள். என் அப்பச்சியின் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது: வாணம் வகைக்கு 1,100, வண்டிச் சத்தமும் வாணக்காரர் சாப்பாடும் சேர்த்து 140. அந்த 140 ரூபாயில் வந்து இறங்கியவர்கள் ஒரு பெரியவரும் அவருடைய இரண்டு மகன்களும்.

அவர்கள் காலையிலேயே ஆற்றுக்குள் இறங்கிவிட்டார்கள். முந்தைய ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்திருந்ததால், மாசியிலும் ஆற்றின் நடுவே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையை ஒட்டிய மணல்திட்டில் பெரியவர் இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக நட்டு, மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு மணலுக்குள் புதைத்து, சுற்றிலும் காலால் மிதித்து இறுக்கினார். குழாய் ஒவ்வொன்றும் எங்கள் கரைக்கு எதிர்த்திசையில் ஒரு விரல் அளவுக்குச் சாய்ந்திருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். பள்ளி விடுமுறை என்பதால் நாங்கள் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கரையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மகன் மூங்கில் சிம்புகளால் ஆளுயர வேல் ஒன்றைக் கட்டி, அதன் ஓரம் முழுவதும் விரல் நீள மத்தாப்புகளை வரிசையாகச் செருகினான். இன்னொரு மகன் எங்கள் கரையிலிருந்த மருதமரத்திலிருந்து எதிர்க்கரைப் பனை வரைக்கும் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினான். கயிறு எதற்கு என்று இரவு வரைக்கும் எங்களுக்குத் தெரியவில்லை.

முளைப்பாரி கரைத்து முடிந்து, பெண்கள் வெறும் ஓடுகளோடு கரையேறியபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. விளக்குகளை எல்லாம் அணைக்கச் சொன்னார்கள். கரையில் ஜமுக்காளம் விரித்து அப்பத்தாவின் மடியில் சாய்ந்திருந்த எனக்கு, எதிர்க்கரையில் ஒரு சிறு நெருப்புப் புள்ளி நடந்து போவது மட்டும் தெரிந்தது. நீளமான கழியின் நுனியில் திரியைக் கட்டிக்கொண்டு பெரியவர்தான் நடந்துகொண்டிருந்தார். அடுத்த கணம் மணலுக்குள்ளிருந்து அடிவயிற்றில் தட்டுவதுபோல் ஓர் ஒலி எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத எதுவோ மேலேறிப் போயிற்று. மேலே போய் நின்றபின் விரிந்தது. விரிந்த பூ உடனே அணைந்துவிடவில்லை. பொன்னிறப் பொறிகள் நீளமான இழைகளாகத் தொங்கித் தொங்கி இறங்கி வந்தன. ஆற்றில் ஓடிய அந்தக் கொஞ்சத் தண்ணீரில் இன்னொரு பூ கீழிருந்து மேலே ஏறி வந்து அவற்றைச் சந்தித்தது.

கடைசிப் பொறி தண்ணீரைத் தொட்டு அணைந்தபோது, முளைப்பாரி எடுத்த பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் குலவையிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுத்து நடந்ததன்று அது. அம்மன் புறப்பாட்டுக்கு இடும் அதே குலவை. பெரியவர் எதிர்க்கரையில் கழியைத் தாழ்த்திப் பிடித்தபடி அப்படியே நின்றார். குலவை அடங்கிய பிறகே அடுத்த குழாயை நோக்கி நடந்தார். அன்றிரவு முழுவதும் அப்படியேதான் நடந்தது. வானத்தில் ஒரு பூ, பிறகு இருட்டு, இருட்டுக்குள் ஒரு குலவை, பிறகு அந்தச் சிறு நெருப்புப் புள்ளியின் நடை. மொத்தம் முப்பது வாணங்கள்கூட இருந்திருக்காது. ஆனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நாங்கள் அண்ணாந்தே இருந்தோம்.

இறுதியில்தான் கயிற்றின் காரணம் விளங்கியது. மருதமரத்தடியில் பற்றவைத்த ஒரு வாணம் சீறிக்கொண்டு கயிற்றின் மேலேயே ஆற்றைக் கடந்து ஓடி, எதிர்க்கரையில் நட்டிருந்த மூங்கில் வேலின் திரியில் நெருப்பை வைத்தது. வேல் அடியிலிருந்து நுனிவரைக்கும் வெள்ளையாக எரிந்தது. அப்பத்தா என்னை எழுப்பி நிற்கவைத்துக் கும்பிடச் சொன்னார்.

இரண்டாம் ஆண்டு எனக்கு அம்மை போட்டிருந்தது. "ஆத்தா நம்ம வீட்டுக்கே வந்திருக்கா, நீ எதுக்கு ஆத்தங்கரைக்குப் போகணும்?" என்று அப்பத்தா சொல்லிவிட்டார். ஆனால் வாணம் தொடங்கும் நேரத்துக்கு வேப்பிலைப் படுக்கையிலிருந்து என்னை மெல்ல எழுப்பி, மேல்மாடிச் சன்னலுக்கு அழைத்துப் போனவரும் அவர்தான். ஆறு எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம். அங்கே பூ விரிவது முதலில் தெரிந்தது. வெடித்த ஒலி பிறகுதான் வந்து சன்னல் கம்பியைத் தொட்டது. நான் எண்ணிப் பார்த்தேன்: ஒன்று, இரண்டு, மூன்று. ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் என்பதைப் பின்னால் பள்ளியில் படித்தபோது, அந்த மூன்று எண்ணிக்கை சரிதான் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். வெடியொலிக்குப் பின்னால், மெல்லியதாக, குலவையும் வந்தது. நோயில் கிடந்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை.

அந்தப் பெரியவரின் பூக்கள் ஏன் அவ்வளவு நேரம் வானத்தில் நின்றன என்பதற்குக் காரணம் உண்டு. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்பது கருமருந்தின் பழைய கணக்கு. பூவுக்கான மருந்தில் கரியின் பங்கைக் கூட்டி, அதையும் மாவாக அரைக்காமல் சற்றுக் கொரகொரப்பாக விட்டால், பொறிகள் பொன்னிறமாக நெடுநேரம் எரிந்துகொண்டே கீழே இறங்கும். அலுமினியம், டைட்டானியம் போன்ற உலோகப் பொடிகள் தரும் வெள்ளை ஒளி கண்ணைப் பறிக்கும். ஆனால் விரைவில் மறைந்துவிடும். பெரியவரிடம் விலை கூடிய உலோகப் பொடிகள் அதிகம் இருந்திருக்காது, கரி இருந்தது. எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு காலம் மாறியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலியெழுப்பும் வெடிகளை வெடிக்கக் கூடாது என்று 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும், முளைப்பாரி நேரத்தையே மாலைக்கு நகர்த்தினோம். பெரியவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மகன்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். 2016 ஏப்ரல் 10ஆம் நாள் அதிகாலையில், கேரளத்தின் பரவூர்ப் புற்றிங்கல் தேவி கோயிலில் வாணவேடிக்கை நடந்தபோது ஏற்பட்ட வெடிவிபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரமே எங்கள் ஊர்க் கூட்டத்தில் வாணத்தை நிறுத்தினோம். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். மறுபடியும் தொடங்கலாம் என்று இளைஞர்கள் கேட்டபோது, காவல் துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றின் அனுமதி, உரிமம் பெற்ற குழு, தீயணைப்பு வண்டி ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு திரியும் பற்றவைக்கக் கூடாது என்று எழுதிவைத்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டோம்.

இனி இந்த ஆண்டுக் குழு. அனுமதிக் காகிதங்களையும் உரிமத்தின் நகலையும் அவர்கள் நாங்கள் கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து கொடுத்தார்கள். அமெரிக்காவில் குழாயின் உள்விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 70 அடி என்று கணக்கிட்டுப் பார்வையாளரை விலக்கி நிறுத்துகிறார்கள். எங்களுடைய பெரிய குழாய் நான்கு அங்குலம் என்பதால் அந்தக் கணக்குப்படி 280 அடி வரும். குழுத் தலைவர் தாமாகவே 300 அடியில் கயிறு கட்டச் சொன்னார். ஆற்றுக்குள் மண்டிக் கிடந்த சீமைக் கருவேலத்தையும் காய்ந்த புல்லையும் முதல் நாளே அகற்றச் சொல்லி, அகற்றிய இடத்தில் தண்ணீர் தெளிக்கவும் வைத்தார். ஆறு இப்போது மாசியில் முற்றிலும் வறண்டு கிடப்பதால் இது மிகவும் தேவையான முன்னேற்பாடு. திரியைக் கையால் பற்றவைக்காமல், தொலைவிலிருந்து மின்கம்பி வழியாகப் பொத்தானை அழுத்தி இயக்குகிறார்கள். கழியும் நெருப்புமாக ஒரு மனிதர் குழாய்களுக்கிடையே நடந்த அந்தக் காட்சியை நான் எவ்வளவு நேசித்தாலும், ஆளில்லாத இடத்தில் நெருப்பு வைப்பதே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வண்ணங்களில் சிவப்பும் ஊதாவும் மிக நன்றாக இருந்தன. பச்சை இல்லை. பச்சை நிறத்தைத் தரும் பேரியம் உப்புகளைப் பட்டாசுகளில் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்து, 2021இல் அதை மீண்டும் உறுதி செய்தது என்பதை அவர்களே எடுத்துச் சொன்னார்கள். பெரியவர் காலத்துக் கிளிப்பச்சையைப் பார்த்த கண்ணுக்கு அது ஓர் இழப்புதான். ஆனால் கரையில் உட்காரும் பிள்ளைகள் அந்தப் புகையைச் சுவாசிக்க வேண்டாம்.

என் முதல் குறை வேகத்தைப் பற்றியது. இரவு 8.30க்குத் தொடங்கிய காட்சி 22 நிமிடங்களில் முடிந்தது. அதில் முதல் 13 நிமிடங்கள் ஒரு மூச்சு விடுவதற்கும் இடமில்லை. ஒரு பூ முழுவதும் விரிவதற்குள் அதன் மேலேயே இன்னொன்று வெடித்தது. புகை கலைய நேரமில்லாததால், ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு வந்தவை எல்லாம் புகைக்குள் தெரிந்த வெளிச்சங்களாகவே இருந்தன. காற்றும் அன்று எங்கள் பக்கமாக வீசியது. எனக்குப் பக்கத்தில் முளைப்பாரி எடுத்த பெண்கள் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் குலவையிடவில்லை. இட முடியாது; இடுவதற்கு அங்கே இடைவெளியே இல்லை. கைப்பேசியில் படம் பிடித்தவர்களுக்கு அந்த வேகம் பிடித்திருக்கலாம். அம்மனுக்காக விடும் வாணத்தில் அம்மனை வாழ்த்த இடமில்லாமல் போனது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இரண்டாவது குறை கடுமையானது. அறுபது ஷாட் பெட்டி ஒன்றை மணலின் மேல் வெறுமனே வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் முளையடித்துக் கட்டவுமில்லை, மணலில் இறக்கிப் புதைக்கவுமில்லை. பாதி ஷாட்டுகள் போன பிறகு, அதிர்ச்சியில் மணல் சரிந்து பெட்டி சாய்ந்தது. நான்கைந்து தீப்பந்துகள் தாழ்வாக எங்கள் கரையை நோக்கி வந்தன. 300 அடித் தூரம் இருந்ததால் அவை எங்களை எட்டும் முன்பே அணைந்தன. ஆயினும் காற்றில் வந்த ஒரு பொறி, முன்வரிசையில் நின்ற ஓர் ஆச்சியின் கண்டாங்கிச் சேலையில் காசளவு ஓட்டை போட்டது. உடம்பில் படவில்லை என்பது அம்மன் அருள். பெட்டியில் மீதியிருந்தவற்றை நிறுத்த வழியில்லை. அவை ஆற்றுக்குள்ளேயே வெடித்து அடங்கின. குழுத் தலைவர் மற்ற எல்லாவற்றுக்கும் போகும் மின்னிணைப்பை உடனே துண்டித்து, இரண்டு பேரை வாளியுடன் அனுப்பி, எல்லாம் குளிர்ந்துவிட்டதா என்று பார்த்துவரச் செய்தார். அந்த நிதானத்தை நான் பாராட்டுகிறேன். ஆனால் ஆற்றுமணல் எப்படிப்பட்டது என்பதை அறிந்து, காலால் மிதித்து மிதித்து இறுக்கிய ஒரு மனிதரை இதே இடத்தில் பார்த்தவள் நான். பெட்டிக்கு நான்கு முளை அடிக்காததை என்னால் சிறு தவறாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இணைப்பைத் துண்டித்த பிறகு மூன்று நிமிடங்களுக்கு மேல் எதுவும் நடக்கவில்லை. புகை மெல்ல விலகி, நட்சத்திரங்கள் தெரிந்தன. ஆபத்து நீங்கியது என்று தெரிந்ததும் கரையில் யாரோ ஒரு பெண் குலவையைத் தொடங்கினார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அது அடங்கும் நேரத்தில் குழுவினர் இணைப்பை மீண்டும் கொடுத்து ஒரே ஒரு வாணத்தை விட்டார்கள். நான்கு அங்குலக் குழாயிலிருந்து போனது அது. உயரத்தில் விரிந்து, பொன்னிற இழைகளாகத் தொங்கி, அவசரமே இல்லாமல் இறங்கி வந்தது. கரையில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அப்பத்தாவின் மடி நினைவுக்கு வந்தது. பிறகு மறுபடியும் குலவை எழுந்தது. அடுத்ததையும் அவர்கள் சற்றுப் பொறுத்தே விட்டார்கள்; காட்சியின் கடைசி ஆறு நிமிடங்கள் இப்படி நடந்தன. முதல் பகுதிக்கும் இந்தப் பகுதிக்கும் மருந்து ஒன்று, ஆட்கள் ஒன்று. இருட்டுக்கு இடம் கொடுத்தார்களா இல்லையா என்பது மட்டும்தான் வேறுபாடு.

மறுநாள் காலையில் இன்னொரு சங்கடமும் நேர்ந்தது. வெடிக்காத குண்டு ஒன்றை, ஆடு மேய்க்கப் போன ஒரு பையன் மணலில் பார்த்துவிட்டு, தொடாமல் வந்து சொன்னான். காட்சி முடிந்த இரவிலும் மறுநாள் விடிந்த பிறகும் ஆற்றுக்குள் தேடிப் பார்ப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும், குழுவினர் இரவில் விளக்கு வைத்துத் தேடியதோடு கிளம்பிவிட்டார்கள். தொலைபேசியில் சொன்னதும், காரைக்குடியில் தங்கியிருந்த இருவர் ஒரு மணி நேரத்துக்குள் வந்து, அதைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துப் போனார்கள். அந்தப் பையன் கெட்டிக்காரன். எல்லாப் பிள்ளைகளும் அப்படி இருப்பார்கள் என்று நம்பி ஒரு திருவிழாவை நடத்த முடியாது. ஆகவே தொகையில் கால் பங்கை, மறுநாள் பகலில் தேடி முடித்த பிறகே கொடுப்பதென்று எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் முழுவதையும் இரவே கொடுத்துவிட்டோம். கணக்கை எழுதியவள் என்ற முறையில் அது என் பிழை.

அமர்த்த நினைப்பவர்கள் வேறு என்ன கேட்க வேண்டும் என்றால், ஷாட் பெட்டிகளைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி, அந்தப் பணத்துக்குப் பொன்னிழை வாணங்களைக் கூட்டச் சொல்லுங்கள். எங்கள் பட்டியலில் அவை நான்கே நான்கு இருந்தன. பன்னிரண்டு இருந்தால் மற்றது எதுவும் வேண்டாம் என்பேன். இருக்கிற எல்லாப் பெட்டிக்கும் முளையடிக்கச் சொல்லுங்கள். காற்று கரையை நோக்கி வீசினால், வாணம் விடும் இடத்தை மாற்றிக்கொள்ள இரண்டாவது இடம் ஒன்றையும் முன்பே துப்புரவு செய்து வையுங்கள். பொத்தானை அழுத்துபவர் பக்கத்தில் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் நிற்கட்டும். குலவை அடங்கிவிட்டது என்று அவர் சொன்ன பிறகு அடுத்ததை விடட்டும். இதற்குக் குழுவினர் மறுப்பேதும் சொல்லவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்கள்.

கணக்கை முடித்துக் கொடுக்க வந்த நாளில், குழுத் தலைவரான அந்த இளைஞரிடம் கயிற்றில் ஓடிய வாணத்தைப் பற்றிச் சொன்னேன். "எங்க தாத்தா விட்டிருக்காங்க ஆச்சி, சொல்லிக் கேட்டிருக்கேன். நான் விட்டதில்ல" என்றார். பிறகு, அந்தக் கயிறு எங்கே கட்டியிருந்தது என்று கேட்டார். மருதமரம் இன்னும் நிற்கிறது; எதிர்க்கரைப் பனை மொட்டையாகிவிட்டாலும் அடிமரம் உறுதியாகவே இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அவர் வறண்ட ஆற்றுக்குள் இறங்கி, மரத்திலிருந்து மரத்துக்கு எட்டு வைத்து அளந்து போனார். திரும்பி வந்து, எழுபத்தொன்று என்று சொல்லிக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.